மரபணுத் திருத்திய நெல்லை, வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பது முறையா?

கடைமடைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில் இயங்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்களில் நானும் ஒருவன். உறுப்பினர்களுக்கு விதை வாங்கிக் கொடுப்பதும், விளைந்த நெல்லைச் சேர்த்து ஆலைக்கு அனுப்புவதும், அதில் ஒரு பகுதியை அரிசியாக்கி நிறுவனத்தின் பெயரிலேயே விற்பதும் எங்கள் வேலை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்பாவில் பி.பி.டி. 5204, சி.ஆர். 1009 ஆகிய ரகங்களை நடுகிறவர்கள். ஒரு சிறு பகுதியினர் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா என்று இயற்கை முறையில் விளைவிக்கிறவர்கள். இரு சாராருக்கும் கிடங்கு ஒன்றுதான்.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் மரபணுத் திருத்திய நெல் ரகங்கள் இரண்டை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்று, ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் பி.பி.டி. 5204-ஐ எடுத்துத் திருத்தி உருவாக்கிய டி.ஆர்.ஆர். தான் 100, அதாவது ‘கமலா’. மற்றொன்று, புது தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எம்.டி.யு. 1010-லிருந்து உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. கமலாவைப் பரிந்துரைத்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருக்கிறது. பி.பி.டி.யைவிட 19 விழுக்காடு கூடுதல் விளைச்சல், சுமார் 20 நாள் முன்னதாக அறுவடை என்பது அறிவிப்பு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஊரில் 20 நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. இரண்டாவது ரகம் கடலோர உவர்நிலத்தில் 30 விழுக்காடு வரை கூடுதலாகத் தந்ததாகச் சொல்கிறார்கள். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய வயல்களையும், இறால் பண்ணைகளை ஒட்டி உப்புப் பூத்துக் கிடக்கும் வயல்களையும் வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர்கள் இந்தச் செய்தியை எப்படி வாசித்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த விதை எங்கள் கைக்கு வரும் நாளுக்கு முன்பே நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். என் கேள்வி, இந்த நெல் உடலுக்குக் கெடுதலா என்பது அல்ல. அதை ஆராய்ந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எங்களிடம் அரிசி வாங்கும் குடும்பத்திடம் ‘இது மரபணுத் திருத்திய ரகம்’ என்று சொல்லச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தாது என்று அறிகிறேன். கட்டாயப்படுத்தாத ஒன்றை நாங்களாகச் சொல்லி, அதனால் விலை இறங்கினால், அந்த நட்டத்தை ஏக்கர் கணக்கில் சுமக்கப்போவது உறுப்பினர்கள்தான். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று ஆகுமா? இந்த விதையை வாங்கிக் கொடுப்பதே தவறு என்று கருதுகிறவர்கள் இருந்தால், அவர்களும் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

விதைநேர்த்தி எழுதியது:

விதைச் சான்றுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில், அந்தச் செடிக்குள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத் தெளிவாக வைத்துக்கொண்டு பேசுவோம், இல்லாவிட்டால் பி.டி. பருத்தியைப் பற்றிய வாதங்களையே நெல்லுக்கும் தூக்கிவந்து அடுக்கிக்கொண்டிருப்போம்.

நெற்கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சிப் பொருளுக்குப் பங்கு உண்டு. அந்தப் பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் செடியே உண்டாக்குகிறது. அதற்கான மரபணுவின் பெயர் சி.கே.எக்ஸ். 2. கிரிஸ்பர் கருவியால் அந்த மரபணுவில் குறிப்பிட்ட இடத்தை வெட்டுகிறார்கள். செடி தானே அந்த வெட்டை ஒட்டிக்கொள்ளும்போது சில எழுத்துகள் விடுபட்டோ கூடியோ போய், மரபணுவின் வேலை குன்றிவிடுகிறது. நொதி குறைந்தால் சைட்டோகைனின் மிஞ்சும், மணி கூடும். இதே மரபணுவின் வேலை இயற்கையாகவே குன்றிய நெல் உலகில் ஏற்கெனவே இருக்கிறது. ஹபட்டாக்கி என்ற ரகத்தில் அதிக மணிக்குக் காரணம் இந்த மரபணுதான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-லேயே கண்டு வெளியிட்டார்கள். பி.டி. பருத்தியில் இருப்பது மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபணு. கமலாவின் இறுதிச் செடியில் அப்படி வேற்று உயிரின் துண்டு எதுவும் இல்லை.

இந்த பி.பி.டி. 5204-இன் வம்சத்தையும் பார்த்துவிடலாம். 1986-இல் ஆந்திரத்தின் பாபட்லாவிலிருந்து வெளிவந்த ரகம் இது, ஜி.இ.பி. 24, தைச்சுங் நேட்டிவ் 1, மசூரி ஆகிய மூன்றின் கலப்பு. இவற்றில் ஜி.இ.பி. 24, 1921-இல் நம் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது. ஆத்தூர் கிச்சிலிச் சம்பா வயலில் தானாகத் தோன்றிய ஒரு மாறுபாட்டுச் செடியைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதுதான் அது. நண்பரின் கிடங்கில் இயற்கை விவசாயிகள் தனியாக அடுக்கிவைக்கும் கிச்சிலிச் சம்பாவும், பக்கத்து அடுக்கில் இருக்கும் பி.பி.டி.யும் உறவுமுறைதான் என்பதை இந்த விவாதத்தில் யாரும் சொல்வதில்லை.

மரபணுவில் மாறுதல் நிகழ்வது அறமீறல் என்றால், காமா கதிரைப் பாய்ச்சி, எந்த இடத்தில் எது உடைந்தது என்றே தெரியாமல் உருவாக்கிய ரகங்களை என்ன செய்வது? அப்படி வந்த பயிர் ரகங்கள் உலகில் 3,000-க்கும் மேல் பதிவாகி இருக்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டி.ஏ.ஜி. 24 நிலக்கடலையை நாடு முழுவதும் விதைத்தோம். ‘கதிரியக்க வழித்தோன்றல்’ என்று எந்தக் கடலை எண்ணெய் டின்னிலும் எழுதியதில்லை, எழுதவில்லையே என்று யாரும் கேட்டதும் இல்லை. ஓரிடத்தை மட்டும் குறிபார்த்து மாற்றியதற்கு எச்சரிக்கை அட்டை ஒட்டி, ஆயிரம் இடத்தில் கண்மூடித்தனமாக மாற்றியதைச் சும்மா விடுவது நேர்மையான அறிவிப்பு ஆகாது. வாங்குபவர் கேட்டால் மறைக்கக் கூடாது. கேட்காதபோது அட்டை ஒட்டும் கடமை இல்லை. இது என் நிலை.

வரப்புயர எழுதியது:

முன்னவரின் அறிவியல் விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் இறுதிச் செடியை மட்டும் காட்டுகிறார், அது வந்த வழியைக் காட்டவில்லை. வெட்டும் கருவியைச் செடிக்குள் கொண்டுபோவதற்குப் பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் வழியாக வேற்று மரபணுவைப் புகுத்தத்தான் செய்கிறார்கள். வேலை முடிந்தபின், தன்மகரந்தச் சேர்க்கையில் அடுத்த தலைமுறைகளை வளர்த்து, அந்தத் துண்டு இல்லாத செடிகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள். முழுவதும் நீங்கியதா, குறி வைக்காத வேறு இடங்களில் வெட்டு விழவில்லையா என்பதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். சோதித்தோம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நான் அவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அந்தச் சோதனையின் முழு விவரத்தையும் நாங்கள் படிக்கும்படி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அறம் சார்ந்த சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பி.டி. கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். மரபணு மாற்றுப் பயிர்களுக்கான மத்திய ஒப்புதல் குழு 2009-இல் சரி என்று சொன்ன பிறகும், அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, விவசாயியும் மருத்துவரும் விஞ்ஞானியும் எதிரெதிரே நின்று கத்துவதைக் காது கொடுத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். மக்கள் பேச ஓர் இடம் இருந்தது. மரபணுத் திருத்தத்துக்கு என்ன நடந்தது? 2022 மார்ச் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓர் அலுவலகக் குறிப்பாணை, வேற்று மரபணு எஞ்சியிராத திருத்தங்களை, மரபணு மாற்றிய உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டு விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து விலக்கிவிட்டது. அதாவது அந்த ஒப்புதல் குழுவின் வாசலுக்கே இந்த ரகங்கள் போக வேண்டியதில்லை. நாடு முழுவதும் உண்ணப்போகும் தானியத்துக்கு ஒரு குறிப்பாணை போதும் என்று முடிவு செய்தவர்கள், அதை உண்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கமலா, பூசா இரண்டின் கள ஆய்வு முடிவுகளை அகில இந்திய நெல் ஆராய்ச்சித் திட்டத்தின் அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அறிவித்த அளவு விளைச்சல் பல இடங்களில் வரவே இல்லை என்று மரபணு மாற்றத்துக்கு எதிரான கூட்டமைப்பு குற்றம் சாட்டியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று நாகப்பட்டினத்து விவசாயி எப்படி முடிவு செய்வார்? 19 விழுக்காடு என்பது ஹெக்டேருக்கு 4.5 டன் என்பது 5.37 டன் ஆனதாகச் சொல்லும் சராசரி. பல மாநிலங்களில் பல மண்ணில் எடுத்த சராசரியில் கடைமடைக் களிமண்ணின் பங்கு எவ்வளவு என்பதை யாராவது சொன்னார்களா?

கடைமடைக்காரருக்கு என் நேரடிப் பதில் இது. விதையை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் உறுப்பினரின் வயல் உப்பேறியது, என் வயல் இல்லை. குழியடிச்சான் போன்ற உவர்ப்பைத் தாங்கும் நம் ரகங்களையும், திருச்சியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். 3-ஐயும் பக்கத்திலேயே நட்டுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஆனால் சொல்லாமல் விற்கக் கூடாது. இயற்கை வேளாண்மைக்கான தேசியத் தரநிர்ணயம் மரபணு மாற்றிய எதையும் ஏற்பதில்லை. என்னைப் போன்றவர்கள் அந்தச் சான்றிதழை நம்பிச் சோறு உண்கிறோம், அந்தச் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் பதிவேடு எழுதுகிறோம். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை எங்களிடமிருந்து பறித்துவிட்டு, உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று ஆறுதல் சொன்னால் அதை எப்படி ஏற்பது?

ஆலைக்காரர் எழுதியது:

பெரியவர்கள் நடுவில் சின்னதாக ஒன்று. நீங்கள் எல்லோரும் சொல்வதா வேண்டாமா என்று வாதாடுகிறீர்கள். சொல்ல முடியுமா என்பதை நான் கேட்கிறேன்.

என் ஆலைக்கு வரும் பி.பி.டி. நெல் ஒரு பகுதி ஆந்திரம், ஒரு பகுதி கர்நாடகம், மீதி இங்கே. கடையில் போய்ப் பாருங்கள், பி.பி.டி. என்று எழுதிய சிப்பம் ஒன்றுகூட இருக்காது; டீலக்ஸ் பொன்னி என்றோ கர்நாடகா பொன்னி என்றோதான் இருக்கும். இப்போது இருக்கும் ரகத்தின் பெயரையே சொல்லாத வியாபாரத்தில், அதைத் திருத்தியது எது, திருத்தாதது எது என்று எழுதுவார்கள் என்பது நடக்கிற காரியமா? சிப்பத்தை 26 கிலோவாகக் கட்டுவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்: 25 கிலோவுக்கு மேல் போனால் ஜி.எஸ்.டி. இல்லை. எடையை வரி தீர்மானிக்கிறது, பெயரைச் சந்தை தீர்மானிக்கிறது.

கமலா நெல்லும் பி.பி.டி. நெல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்றால், லாரியில் வந்தபின் பிரிக்க வழியே இல்லை. வயலிலிருந்தே தனி மூட்டை, தனி அட்டி, தனி ஊறல் தொட்டி, தனி உலர்த்தி என்று வைத்தால்தான் முடியும். எலிவேட்டர் வாளியின் அடியில் முந்தின ஓட்டத்து நெல் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் ஆலையை நிறுத்த வேண்டும். உற்பத்தியாளர் நிறுவனம் அந்தக் கூலியைக் கொடுத்தால் செய்து தருகிறேன். மற்றபடி எங்கள் மாதிரி ஆலைகளிடம் வாக்குறுதி வாங்கி அட்டையில் அச்சிட்டுவிடாதீர்கள். அதுதான் உண்மையான பொய்யாகப் போய் முடியும்.

வழக்காடி எழுதியது:

நுகர்வோர் வழக்குகளில் பழக்கம் உள்ளவன் என்பதால் சட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை முதலியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்கு அளிக்கிறது. உருவாக்கிய முறை அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. ஆகவே வெறும் மௌனம் குற்றம் என்று இன்றைய நிலையில் ஒரு வழக்கை நிலைநிறுத்துவது கடினம். ஆனால் கேட்டபோது ‘இல்லை’ என்று சொன்னாலோ, ‘பாரம்பரியம்’, ‘இயற்கை’ போன்ற சொற்களைச் சிப்பத்தில் போட்டாலோ கதை வேறு.

பலரும் கவனிக்காத இன்னொரு பக்கம் விதையின் உரிமை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001, பிரிவு 39-இன்படி, பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் அதன் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு. குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது பெப்சிகோ 2019-இல் தொடுத்த வழக்குகளைத் திரும்பப் பெற்றதற்கு எதிர்ப்பின் வேகத்தோடு இந்தப் பிரிவும் ஒரு காரணம். நம் காப்புரிமைச் சட்டமும் செடியையும் விதையையும் காப்புரிமைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஆனால் செடியைத் திருத்தப் பயன்பட்ட கருவி அப்படி அல்ல. கிரிஸ்பரைக் கண்டறிந்ததற்காக இம்மானுவேல் சார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதன் காப்புரிமைக்காகக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத் தரப்பும் பிராட் இன்ஸ்டிட்யூட்டும் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. வேளாண் பயன்பாட்டுக்கான உரிமங்களில் கோர்ட்டேவா என்ற விதை நிறுவனத்துக்குப் பெரும் பிடி இருக்கிறது. ஆய்வுக்கு இலவசம், வணிகத்துக்குக் கட்டணம் என்பது இதில் வழக்கமான ஏற்பாடு. பொதுப்பணத்தில் அரசு நிறுவனம் உருவாக்கிய விதை, உழவரின் கைக்கு வரும்போது அந்தக் கட்டணத்தின் நிழலையும் சுமந்து வருமா என்பதை, எங்கள் ஊர்க்காரர்கள் விதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அறத்தைப் பேசுகிறவர்கள் வாங்குபவரின் அறியும் உரிமையையே சுற்றிவருகிறார்கள். விளைவிப்பவரும் ஒன்றை அறிந்தாக வேண்டியவர்தான்.

அதே பிரிவு 39-இன் இரண்டாம் உட்பிரிவையும் கடைமடைக்காரர் நன்றாக வாசித்து வைத்துக்கொள்ளட்டும். பதிவு செய்த ரகத்தின் எதிர்பார்க்கத்தக்க விளைச்சலை, எந்தச் சூழலில் எவ்வளவு என்று உழவருக்குத் தெரிவிக்க வேண்டியது உருவாக்கியவரின் கடமை. அது பொய்த்தால் இழப்பீடு கோரலாம். 19 விழுக்காடு என்ற எண்ணைச் செய்தித்தாளில் படித்ததோடு நிற்காமல், உங்கள் மண்டலத்துக்கான எண்ணைக் கேட்டு வாங்கி, விதை ரசீதோடு இணைத்து வையுங்கள்.

வெளிநாட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லலாம். ஜப்பானில் 2021 முதல் விற்பனைக்கு வந்த, காபா என்ற பொருள் மிகுந்த தக்காளி மரபணுத் திருத்தியதுதான். அட்டை ஒட்டச் சட்டம் அங்கும் கட்டாயப்படுத்தவில்லை. விற்ற நிறுவனம் தானாகவே சொல்லித்தான் விற்றது. ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு. திருத்திய பயிரும் மரபணு மாற்றிய பயிர்தான் என்று அங்குள்ள நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அந்தப் பிடியைத் தளர்த்தும் சட்ட முன்வரைவை ஐரோப்பிய ஆணையம் 2023-இல் கொண்டுவந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மரபணு மாற்றிய கடுகு வழக்கில் இரு நீதிபதிகளுக்கிடையே கருத்து வேறுபட்டபோதும், எல்லாத் தரப்பையும் கலந்து ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். அந்தக் கொள்கை வரும்வரை பொறுப்பு உங்களைப் போன்ற நிறுவனங்களின் தலையில்தான் விழும்.

விதைநேர்த்தி மீண்டும் எழுதியது:

வரப்புயர அவர்களின் கேள்விகளில் முழுத் தரவையும் வெளியிட வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுக்கு ரகசியம் எதற்கு? ஆய்வு நிறுவனங்கள் எண்களைப் பூட்டிவைப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்த முதல் எதிரி என்பேன்.

ஆனால் குறி தவறிய வெட்டு என்ற அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லின் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுத்தொகுதியில் சில எழுத்துகள் தாமாகவே மாறத்தான் செய்கின்றன. திசு வளர்ப்பில் இன்னும் கூடுதலாக மாறும். திருத்திய செடியில் காணும் மாற்றத்தை அந்த இயல்பான அளவோடு ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டும். கலப்பைப் பற்றியும் கவலைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். அயல் கலப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. சான்று விதை உற்பத்தியிலேயே இரு ரகங்களுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளிதான் கேட்கிறோம். பக்கத்து வயலின் மகரந்தத்தைவிட, கதிர் அறுக்கும் இயந்திரத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வரும் நெல்லுக்குத்தான் இயற்கை விவசாயி அஞ்ச வேண்டும். ஆலைக்காரர் எலிவேட்டரைப் பற்றிச் சொன்னதும் இதேதான்.

அட்டை விஷயத்தில் என் கருத்தில் ஒரு திருப்பம் சேர்த்துக்கொள்ளலாம். ‘மரபணுத் திருத்தியது’ என்று தனியாக முத்திரை குத்துவதை இப்போதும் ஏற்கமாட்டேன். அது நஞ்சுப் புட்டியில் ஒட்டும் மண்டையோட்டுப் படம்போல் ஆகிவிடும். எல்லா அரிசிச் சிப்பத்திலும் ரகத்தின் பெயரை அச்சிடுங்கள் என்றால் அதற்கு முழு ஆதரவு தருவேன். பி.பி.டி. 5204 என்றால் பி.பி.டி. 5204, டி.ஆர்.ஆர். தான் 100 என்றால் டி.ஆர்.ஆர். தான் 100. தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அந்தப் பெயரே போதும்.

வரப்புயர எழுதியது:

பெயரே போதும் என்பது உங்களுக்கும் எனக்கும் சரி. டி.ஆர்.ஆர். தான் 100 என்று படித்தால் திருவாரூர்க் கடைத்தெருவில் அரிசி வாங்கும் ஒருவருக்கு என்ன புரியும்? அதற்கு எழுதாமலே இருந்துவிடலாம். பெயரும் வேண்டும், எப்படி உருவானது என்று ஒரு வரியும் வேண்டும். எல்லா ரகத்துக்கும் எழுதுங்கள். கதிரியக்கத்தில் வந்ததற்கு அப்படி, கலப்பில் வந்ததற்கு அப்படி, தெரிவு செய்து வந்ததற்கு அப்படி. கிச்சிலிச் சம்பாவுக்கும் எழுதுங்கள், நான் முகம் சுளிக்கமாட்டேன்.

கடைமடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை படித்ததை வைத்து நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்போகும் தீர்மானத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். குறை இருந்தால் கூட்டத்துக்கு முன்பே சுட்டிக்காட்டுங்கள்.

விதை வந்தால் முதல் சம்பாவில் எல்லோருக்கும் கொடுக்கப்போவதில்லை. உப்பேறிய நிலம் வைத்திருப்பவர்களில் தாமாக முன்வருகிறவர்களுக்கு மட்டும் பூசா ரகம். அதே வயலின் மறுபாதியில் டி.ஆர்.ஒய். 3. கமலாவுக்கும் அதேபோல் பாதி பாதியாக பி.பி.டி. நடுவோம். மண்டலத்துக்கான விளைச்சல் எண்ணும், விதையைச் சேமிக்கும் உரிமையில் தடை இல்லை என்ற உறுதியும் எழுத்தில் வராமல் ஒரு மூட்டை விதைக்கும் பணம் கட்டுவதில்லை. இந்த இரண்டில்தான் எனக்கு வழக்காடி அவர்களின் கருத்து மிகவும் பயன்பட்டது. வாங்குபவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த என்னை, சொந்த உறுப்பினரைப் பற்றியும் யோசிக்க வைத்தது.

அரிசியைப் பொறுத்தவரை, இந்த வயல்களின் நெல்லை எங்கள் பெயரில் விற்கும் சிப்பத்தில் சேர்ப்பதாக இருந்தால், தனி ஓட்டத்தில் அரைத்து, ரகத்தின் பெயரோடு ‘மரபணுத் திருத்திய ரகம், வேற்று உயிரின் மரபணு இல்லை’ என்று ஒரே வரியில் தமிழில் அச்சிடுவோம். இரண்டாம் பாதியையும் சேர்ப்பது விற்பனைக்காக அல்ல. அது உண்மை என்பதாலும், முதல் பாதியை மட்டும் படித்து ஒருவர் பி.டி. பருத்தியை நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதாலும்தான். எங்கள் மற்ற அரிசிகளுக்கும் அதேபோல் ஒரு வரி. தனி ஓட்டத்துக்கான ஆலைக் கூலி கிலோவுக்கு எவ்வளவு ஏறும் என்று ஆலைக்காரர் தனியாக எழுதினால் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அந்தக் கூலியைத் தாங்க முடியாது என்று குழு சொன்னால், அந்த நெல் எங்கள் பெயரில் அரிசியாகாது. அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். அங்கே எல்லா நெல்லும் ஒன்றாகத்தான் கலக்கிறது, அதை உண்பவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ரேஷன் அரிசி வாங்குகிறவருக்கு இந்த உரிமை ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை எங்கள் நிறுவனத்தால் தீர்க்கவும் முடியாது.

ஆலைக்காரர் எழுதியது:

ஒரே தடவையில் குறைந்தது பத்து டன் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் தனி ஓட்டம் கட்டுபடியாகும். அதற்குக் குறைவாக இருந்தால் எலிவேட்டரைக் கழற்றும் கூலியே அரிசி விலையை விழுங்கிவிடும். கூலி விவரத்தைத் தனியே அனுப்புகிறேன். கதிர் இயந்திரத்துக்காரரிடமும் முன்கூட்டியே பேசி, உங்கள் மரபணு ரக வயலைக் கடைசியில் அறுக்கச் சொல்லுங்கள். முதலில் அறுத்தால் அடுத்த வயலுக்குப் போகும்முன் இயந்திரத்தைத் தட்டிச் சுத்தம் செய்ய அவர் ஒப்பமாட்டார்.